நனையாத வலது கை

உங்கள் ஸ்டேஷன் டீயில் போட்டிருக்கும் ஏலக்காய் பழைய சரக்கு, அம்மா. குறையாகச் சொல்லவில்லை. இருபத்தாறு வருடமாகப் போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்கிறவன். ஒரு வாய் குடித்ததும் நாக்கு கண்டுபிடித்துவிடுகிறது. நிறம் போன காயை உங்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள். கடையை மாற்றிவிடுங்கள்.

என் பெயர் ஸ்டான்லி. வயது ஐம்பத்திரண்டு. சபையில் மூப்பர். என் தங்கை செல்லக்கனியின் புருஷன் தங்கபாண்டியன் இறந்ததைப் பற்றித்தானே கேட்கிறீர்கள்? நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். எழுதுகிற தம்பி நிதானமாக எழுதட்டும்.

எங்கள் சபையை ஊரில் வெள்ளைச்சட்டைச் சபை என்பார்கள். கேலிதான், ஆனாலும் சரியான பெயர். வெள்ளை உடுப்பு மட்டும்தான். பெண்களுக்குத் தலையில் முக்காடு. காதில், கழுத்தில், கையில் ஒரு குண்டுமணி கூடாது. பூ, பொட்டு, சினிமா, டிவி கிடையாது. சபைக்கு வெளியே பெண் கொடுப்பதில்லை, எடுப்பதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, மருந்து கிடையாது. சுகம் கொடுக்கிறவர் ஒருவர்தான். மாத்திரையை நம்புகிறவன் அவரை நம்பவில்லை என்று அர்த்தம். மூக்குக்கண்ணாடி மருந்தில் சேருமா என்று மூன்று வருடம் ஆலோசித்தோம். எங்கள் பாஸ்டர் சாம்சன் ஐயாவுக்கு வேத எழுத்து மங்கலாகத் தெரிய ஆரம்பித்த வருடத்தில், சேராது என்று வெளிச்சம் கிடைத்தது.

தவறு செய்தவரைக் கடைசிப் பாயில் உட்கார வைப்போம். ராப்போஜனத்தில் அப்பமும் ரசமும் கிடையாது, யாரும் அவருக்கு ஸ்தோத்திரம் சொல்ல மாட்டோம். மனம் வருந்திச் சபை முன்னால் அறிக்கை செய்தால் திரும்பச் சேர்த்துக்கொள்வோம். கடைசிப் பாயில் இருக்கும்போதே ஒருவர் இறந்துபோனால் அவர் போகும் இடம் வேறு. அதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை, எல்லோருக்கும் தெரியும்.

தங்கபாண்டியனுக்கு ராசிங்காபுரம். வேறு சாமி கும்பிட்ட குடும்பம். குரங்கணியிலிருந்து எஸ்டேட்டுகளுக்கு ஜீப்பு ஓட்டுவார். என் கடைக்கு ஏலக்காய் லோடு கொண்டுவந்தவர்தான், செல்லக்கனியையும் பார்த்துவிட்டார். ஞானஸ்நானம் எடுத்தால் கட்டிக்கொடுப்போம் என்றோம். எடுத்தார். தானியேல் என்று பெயர் வைத்தோம். தானியேல் என்று கூப்பிட்டால் அவரும் சேர்ந்து யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பார். ஒரு வருடத்தில் பாஸ்டரே தங்கபாண்டியன் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

நல்ல மனிதர். அதை நான் மறுக்கவே இல்லை. ஆனால் நிற்க மாட்டார், விழுந்துகொண்டே இருப்பார். அவருடைய அக்கா மகள் கல்யாணத்தில் மோதிரம் போட்டார்கள், கழற்றாமல் சபைக்கு வந்தார். கடைசிப் பாய். ஊர்த் திருவிழாவில் அவருடைய அம்மாவுக்கு முழங்கால் வலி என்று மாவிளக்குத் தட்டைக் கோயில் வாசல் வரை தூக்கிக்கொண்டு போனார். கடைசிப் பாய். ஒவ்வொரு தடவையும், “தப்புத்தான் மச்சான், இனி செய்ய மாட்டேன்” என்பார். கண்ணில் சிரிப்பு மட்டும் போகாது. அவர் உட்கார்ந்த வாரங்களில் கடைசிப் பாயில் இடம்பிடிக்கப் பிள்ளைகள் போட்டி போட்டன. தண்டனை என்பது அப்படி இருக்கக் கூடாது.

எங்கள் தோட்டத்தில் ஏலச்செடிக்குப் பூச்சி மருந்து அடித்துக்கொண்டிருந்தபோது ஒருநாள் பக்கத்தில் வந்து நின்றார்.

“மச்சான், செடிக்கு மருந்து அடிக்கலாம், மனுசனுக்குக் கூடாதாக்கும்?”

“செடிக்கு ஆத்துமா இல்ல மாப்ளே.”

“ஆத்துமா இல்லாததயே காப்பாத்துறோம். அப்ப மனுசன?”

அவருக்கு உபதேசம் பிடிபடவில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

என் மனைவி ஷாரோனைப் பற்றியும் எழுதிக்கொள்ளுங்கள். ஆறு வருடத்துக்கு முன்னால் அவளுக்கு மார்பில் ஒரு கட்டி வந்தது. சுண்டைக்காய் அளவு இருந்து எலுமிச்சை அளவுக்குப் போனது. பதினான்கு மாதம். ஒரு மாத்திரை தொடவில்லை. சபை ஆள் மாற்றி ஆள் விடாமல் சங்கிலி ஜெபம் நடத்தியது. நாற்பத்தொரு வயதில் விசுவாசத்தில் நித்திரையடைந்தாள். அடக்கத்தன்று பாஸ்டர் ஐயா, “இப்படிப்பட்ட வீட்டிலிருந்துதான் மூப்பர் வர வேண்டும்” என்றார். அடுத்த மாதம் நான் மூப்பரானேன்.

போன வருடம் ஆடி மாதம் தங்கபாண்டியனின் மகள் அபிஷாவுக்குக் காய்ச்சல். ஆறு வயது. நெஞ்சில் சளி கட்டி மூச்சு இழுத்தது. நான்கு நாள் ஜெபித்தோம். நானே தலையில் கை வைத்து ஜெபித்தேன். ஐந்தாம் நாள் காலையில் போனால் பாய் காலியாக இருந்தது. பிள்ளையை ஜீப்பில் போட்டுத் தேனிக்குக் கொண்டுபோய்விட்டார். ஊசி, குளுக்கோஸ், எல்லாம். ஒன்பது நாளில் பிள்ளை திரும்பி வந்தது.

நான் ஆறு மாதம் கடைசிப் பாய் என்றேன். பாஸ்டர் ஐயா ஒரே மாதத்தில் சேர்த்துக்கொண்டார். “பிள்ள பொழச்சிருச்சுல்ல ஸ்டான்லி, விடு” என்றார். ஒரு பாஸ்டர் பேசுகிற பேச்சா அது?

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அந்தப் பிள்ளை சபைக்குள் ஓடியது. ஆராதனை நடக்கும்போது குறுக்கே ஓடும், தண்ணீர் குடிக்க ஓடும், காரணமே இல்லாமல் ஓடும். எல்லோரும் அதைப் பார்ப்பார்கள். பிறகு என்னைப் பார்ப்பார்கள். ஒரு சகோதரி என்னிடமே கேட்டாள்: “ஷாரோன் அக்காவையும் அப்பவே கொண்டுபோயிருந்தா?” அவளைக் கண்டித்து அனுப்பினேன். ஆனால் புரட்டாசிக்குள் இரண்டு குடும்பம் ரகசியமாக ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தது. ஒரு வீட்டில் அரிசிப்பானைக்குள் சர்க்கரை மாத்திரை இருந்தது. நோய் பரவிவிட்டது, அம்மா. குணமாகிற நோய்.

நான் கோபப்படவில்லை. முழங்காலில் இருந்து யோசித்தேன். இந்த மனிதர் ஏன் விழுந்துகொண்டே இருக்கிறார்? அப்போதுதான் அவருடைய ஞானஸ்நானம் நினைவுக்கு வந்தது. அன்று நான் கரையில் நின்று பார்த்தேன். அவருக்கு நீச்சல் தெரியாது. தண்ணீர் என்றால் பயம். பாஸ்டர் தண்ணீரில் முக்கியபோது உடம்பு முழுவதும் உள்ளே போனது, வலது கை மட்டும் பாஸ்டருடைய சட்டையைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றது. முழங்கை வரை நனையவில்லை. எங்கள் உபதேசப்படி ஞானஸ்நானம் என்பது அடக்கம். பழைய மனுஷன் முழுதாகப் புதைய வேண்டும். பிணத்தைப் புதைக்கும்போது ஒரு கையை வெளியே விட்டுப் புதைப்போமா? மோதிரம் போட்ட கை அதுதான். மாவிளக்குத் தூக்கிய கை அதுதான். பிள்ளையை ஜீப்பில் தூக்கிப்போட்டதும் அதுதான்.

மூப்பர் கூட்டத்தில் இதைச் சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை. இரண்டு மணி நேரம் வசனங்களை ஒத்துப் பார்த்து, முதல் ஞானஸ்நானம் செல்லாது என்று முடிவு செய்தோம். பாஸ்டருக்குத் தோள்பட்டை வலி. மருந்து இல்லாததால் கையைத் தூக்க முடியவில்லை. ஆகவே இரண்டாவதை நானே கொடுப்பது என்று ஆனது.

தங்கபாண்டியனிடம் சொன்னேன். “ஒரு முங்குதானே மச்சான், முங்கிட்டுப் போறேன். செல்லக்கனிக்கு நிம்மதியா இருக்கும்” என்றார். பிறகு, “கையப் பிடிச்சுக்கங்க, எனக்குத் தண்ணின்னா ஆகாது” என்றார். மூச்சு முட்டினால் என் கையில் தட்டுங்கள், தூக்கிவிடுகிறேன் என்றேன். அப்படித்தான் எல்லோருக்கும் சொல்வோம்.

இந்த இடத்தில் என் யோசனையை நீங்கள் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். அவர் முழுதாக நனைந்து எழுந்தாலும் மறுபடி விழுவார். அது எனக்குத் தெரியும், பாஸ்டருக்கும் தெரியும், அவருக்கே தெரியும். என்றைக்காவது மலைப்பாதையில் ஜீப்பு உருண்டு, கடைசிப் பாய்க் காலத்தில் இறந்துபோனால் அவர் கதி என்ன? ஒரு மனிதன் சந்தேகமே இல்லாமல் சுத்தமாக இருக்கும் நேரம் ஒன்றுதான்: தண்ணீருக்குள் இருக்கும் நேரம். வெளியே வந்து துண்டை வாங்கும்போதே பழையபடி ஆரம்பித்துவிடுகிறது. நான் அவருக்கு அந்த நேரத்தைக் கொஞ்சம் நீட்டிக் கொடுத்தேன்.

தை மாதம் இரண்டாம் சனிக்கிழமை, காலை எட்டு மணி. குரங்கணிக்குக் கீழே ஆறு தேங்கி நிற்கும் கசம். இடுப்பளவு தண்ணீர், பனிக்கட்டி மாதிரிக் குளிர். கரையில் எழுபது பேர் வெள்ளையில் நின்றார்கள். செல்லக்கனி முன்வரிசையில், பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு. ஆறு சரணமுள்ள கீர்த்தனையை நான்தான் தேர்ந்தெடுத்தேன்.

வலது கையை அவர் மார்போடு மடக்கி, என் கையால் அழுத்திக்கொண்டு முக்கினேன். முதல் சரணம் முடிந்தபோது தட்டினார். மெதுவாக, கதவைத் தட்டுகிற மாதிரி. இரண்டாம் சரணத்தில் வேகமாகத் தட்டினார். பிறகு கால்கள் உதைத்துக்கொண்டன, தண்ணீர் கலங்கித் தெறித்தது. நான் கரையைப் பார்த்தேன். யாராவது ஓடிவந்திருந்தால் விட்டிருப்பேனோ என்னவோ. ஒருவரும் வரவில்லை. வயதான சகோதரர் ஒருவர் இரண்டு கையையும் உயர்த்தி, “பழைய மனுஷன் சாகிறான், அல்லேலூயா” என்றார். எல்லோரும் அதையே சொல்லிக் கை தட்டினார்கள். உதை பலமாகப் பலமாகக் கைத்தட்டலும் பலமானது. செல்லக்கனியும் கை தட்டினாள். தட்டுவதற்காகப் பிள்ளையின் கையை விட்டிருந்தாள். நான்காம் சரணத்தில் அவர் அமைதியானார். வலது கை முழுதாக நனைந்திருந்தது. நான் பார்த்தேன்.

பாறையில் கால் வழுக்கியது, நெஞ்சு அடைத்துவிட்டது என்றேன். டாக்டரைக் கூப்பிடுவது எங்கள் வழக்கமில்லை. கரையில் கிடத்தி, உயிர்த்தெழ வேண்டும் என்று சபையே இரண்டு மணி நேரம் ஜெபித்தது. அந்த இரண்டு மணி நேரம் மட்டும் எனக்குக் கொஞ்சம் கவலையாக இருந்தது.

மறுநாளே அடக்கம். நீங்கள் இப்போது தோண்டி எடுத்திருக்கிறீர்கள் என்றார்கள். எனக்கு ஆட்சேபணை இல்லை. கர்த்தர் எடுத்துக்கொண்டார் என்று ஊரே ஒத்துக்கொண்டிருந்தது. யாரும் என்னைச் சந்தேகிக்கவில்லை. நானாகச் சொன்னதால்தான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன்.

செல்லக்கனி சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். ஒரு மாதம் கழித்துப் பார்க்கப் போனேன். முழங்காலைக் கட்டிக்கொண்டு சுவர் ஓரம் உட்கார்ந்திருந்தாள்.

“அண்ணே, அன்னைக்குக் காலையில ஜீப்புக்குப் பின்னாடி நின்னு ஒரு பீடி குடிச்சாரு. நான் பாத்தேன், யார்ட்டயும் சொல்லல. அவரு போய்ச் சேந்திருப்பாராண்ணே?”

கூடப் பிறந்தவள் இப்படித் தவிக்கும்போது எப்படிச் சும்மா இருப்பது? “பயப்படாத தாயி. பீடி எல்லாம் தண்ணியிலயே போயிருச்சு. சுத்தமாத்தான் போனாரு. வெளிய வந்து மறுபடி விழுந்திரக் கூடாதுன்னு நான்தான் பாத்துக்கிட்டேன்” என்று, உங்களிடம் சொன்ன மாதிரியே பொறுமையாக எடுத்துச் சொன்னேன்.

அவள் அழவில்லை. ஒன்றுதான் கேட்டாள்.

“கையில தட்டுனாராண்ணே?”

“தட்டுனாரு.”

எழுந்து பிள்ளைக்குச் செருப்பு மாட்டிவிட்டாள். சபைக்குச் சாட்சி சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். தலையில் முக்காடு இல்லாமல் பஸ்சு ஏறியபோதுதான் உங்களிடம் வருகிறாள் என்று தெரிந்தது. எனக்கு வருத்தம்தான். ஒரு நன்றி வரும் என்று எதிர்பார்த்திருந்தேன்.

எனக்குத் தூக்கமின்மை கிடையாது. அறிக்கை செய்கிறவனுக்கு மன்னிப்பு உண்டு, இதோ செய்துவிட்டேன். ஆகவே நானும் அங்கேதான் போய்ச் சேருவேன். ஷாரோன் அங்கே இருக்கிறாள். நான் அனுப்பியதால் தங்கபாண்டியனும் இருக்கிறார். அதில்தான் ஒரு சின்ன உறுத்தல்.

ஷாரோனுக்கு எலுமிச்சை அளவு ஆன நாட்களில் ஒருநாள் மத்தியானம் அவர் எங்கள் வாசலில் ஜீப்பை நிறுத்தினார். பின்சீட்டில் மெத்தை போட்டிருந்தார். “மச்சான், மதுரைக்குக் கொண்டுபோயிருவோம், பெரிய டாக்டர்ட்ட சொல்லி வச்சிருக்கேன், வெரசாத் தூக்குங்க” என்றார். வாசலை மறித்து நின்று திருப்பி அனுப்பினேன். உள்ளே போனதும் ஷாரோன் தலையைத் தூக்கி, “ஜீப்புச் சத்தம் கேட்டுச்சே, என்னையக் கூட்டிட்டுப் போகவா வந்தாக?” என்று கேட்டாள். அவள் முகத்தில் அப்படி ஒரு ஆசையை நான் அதுவரை பார்த்ததில்லை. லோடு ஜீப்பு, வழி தவறி வந்துவிட்டது என்றேன். சரி என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

வந்தது யார் என்று என்னைத் தவிர அவர் ஒருவருக்குத்தான் தெரியும். அதற்கும் தண்ணீரில் நடந்ததற்கும் சம்பந்தமில்லை. அதைத் தம்பி தெளிவாக எழுதிக்கொள்ளட்டும். குற்றம் என்று ஒன்றை எழுதித்தான் ஆக வேண்டும் என்றால், அன்று சொன்ன அந்த ஒரு பொய்யை எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.