மதராஸ் பி.ஏ., மதுரை பி.ஏ.

யுத்தகாலப் பெட்ரோல் பஞ்சத்தால் கரியில் ஓடும் எங்கள் பஸ் இருமிக்கொண்டே சின்னமனூரைத் தாண்டியது. எனக்கு முன் சீட்டில் வெள்ளாமை செய்யும் இரண்டு சம்சாரிகள். சன்னலோரத்தில் இருந்தவர் திடீரென்று சொன்னார்:

“பி.ஏ.வுல மதராஸ் பி.ஏ., மதுரை பி.ஏ.ன்னு ரெண்டு கிடையாதாம்ணே.”

“யாரு சொன்னாக?”

“எம் மகந்தான். உங்க மகன் மதுரையில படிச்சான், இவன் மதராசுல படிச்சான். ரெண்டும் சரித்திரந்தான். இப்ப ஒரே ஆபீசுல பக்கத்துப் பக்கத்து நாக்காலி. சம்பளமும் ஒண்ணுதானாம்.”

“உத்தியோகம் கெடச்சதே பெருசுப்பா.”

“பட்டணத்துக் காலேசுன்னா கூடக் குடுப்பாகன்னு நம்பித்தாண்ணே வாய்க்காக்கரை வயல வித்தேன்.”

பஸ் வாய்க்கால் பாலத்தில் ஏறியது. சன்னலோரத்தவர் வெளியே எட்டிப் பார்த்தார்.

“வயலு நல்லா வெளஞ்சிருக்கு. எப்பண்ணே அறுக்கப் போறீக?”