'நீ யாரு' கட்டை

மத்தியானம் ரெண்டு மணி. ஆமாண்டா, பட்டப்பகல். ராத்திரிலதான் வருவேன்னு எந்தப் பேய் உனக்கு எழுதிக் குடுத்துகீது? சிரிக்கிறவன் எழுந்து கீழ போயிடு. எனக்கு இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் வயிறு எரியும்.

எழுபத்திநாலாம் வருஷம். மெட்ராஸ் முழுக்கக் கடையடைப்பு. பாண்டி பஜார்ல ஈ காக்கா இல்ல. பஸ் இல்ல, ரிக்‌ஷா இல்ல. தாரு உருகி செருப்புல ஒட்டுது... அதுல தனியா நடந்து போய்க்கினு இருந்துச்சு நம்ம கனகராஜோட அக்கா, புஷ்பம். அவனே என்கிட்ட சொன்னது இது. அந்தக்கா ஒரு மருந்து கம்பெனில டெலக்ஸ் ஆபரேட்டர். ஊரே மூடினாலும் நீ வந்துதான் ஆவணும்னு மேனேஜர் சிதம்பரநாதன் முந்தின நாளே சொல்லிட்டான்.

டெலக்ஸ்னா டைப் மிசின் மாதிரிதான். நீ இங்க அடிச்சா அங்க பம்பாய்ல காயிதத்துல விழும். பம்பாய், மெட்ராஸ், மதுரை, கோயமுத்தூர், பெங்களூரு... அஞ்சு ஊரும் ஒரே லைன்ல. எவன் வேணா நடுவுல பூந்து எதை வேணா அடிச்சுட்டா? அதுக்குத்தான் எழுத்துக் கட்டைங்களோட 'நீ யாரு'ன்னு கேக்கறதுக்குன்னே தனியா ஒரு கட்டை. அதை அமுக்கினா அந்தப் பக்கத்து மிசின் தானா தன் பேரை அடிச்சுச் சொல்லும். ரூம்ல ஆளே இல்லாட்டியும் சொல்லும். பேர் கேக்காம சேதி வாங்கக் கூடாது. வாங்கின சேதியை மேனேஜர்கிட்ட குடுத்தா, கார்பன் காப்பில கையெழுத்து வாங்காம திரும்பக் கூடாது. இது ரெண்டும்தான் அந்த ரூமுக்குச் சட்டம்.

அக்காவுக்கு முன்னாடி அந்த நாற்காலில உக்காந்திருந்தவன் அதோட புருஷன், வெள்ளைத்துரை. மொத சட்டத்தை ஒழுங்கா செஞ்சான். ரெண்டாவதுல கோட்டை விட்டான். எழுபத்திரெண்டுல பம்பாய் ஃபேக்டரிலேர்ந்து ஒரு சேதி. 'குளுகோஸ் பாட்டில் கெட்டுப் போச்சு. ஆஸ்பத்திரிக்கு ஒண்ணுகூட அனுப்பாதே.' பதறிப்போய் ஒரிஜினல், காப்பி ரெண்டையும் சிதம்பரநாதன்கிட்ட நீட்டினான். "வெச்சுட்டுப் போப்பா, அப்புறம் போடறேன்"னான் அந்த ஆளு. நம்பி வந்துட்டான், வெகுளி.

சரக்கு தேங்கக் கூடாதுன்னு பாட்டில் எல்லாம் அனுப்பிட்டான்டா அந்த மேனேஜரு! கொழந்தைங்க செத்துச்சு. விசாரணைல இன்னா சொன்னான் தெரியுமா? "என்கிட்ட குடுக்கவே இல்ல சார், மிசின் முன்னாடி தூங்கிட்டான்." தூ! ஜாமீன் கெடைக்கறதுக்குள்ள வெள்ளைத்துரை ஜெயில்லயே நெஞ்சடைச்சு செத்தான்.

அதோட வுட்டானா? புஷ்பத்தைக் கூப்ட்டு, 'என் புருஷன் தப்புதான்'னு எழுதிக் கையெழுத்துப் போடு, அதே வேலையை உனக்குத் தரேன்னான். ரெண்டு புள்ளைங்க. போட்டுச்சு. அந்தக் கையைப் பாத்துப் பாத்து அழுமாம். எப்பிடியாவது புருஷன் பேரு மேல இருக்கற பழி போவணும். அது ஒண்ணுக்குத்தான் உசுரோட இருந்துச்சு.

அன்னிக்கு ஆபீஸ்ல ரெண்டே பேரு. மேனேஜர் தன் ரூம்ல. ஃபேன் கிர்ருனு சுத்துது... திடீர்னு மிசின். கட கட கட கட. கூடவே கிராம்பு வாசனை. வெள்ளைத்துரைக்குப் பல்வலி, எந்நேரமும் கிராம்பு மெல்லுவான்.

காயிதத்துல அதே சேதி. அதே எழுபத்திரெண்டாம் வருஷத்துத் தேதி.

அக்கா பயப்படலடா. கோவம் வந்துச்சு. சர்ருனு கிழிச்சு எடுத்துக்கினு போய் மேனேஜர் மேஜைமேல ஓங்கி அடிச்சுச்சு.

"கையெழுத்துப் போடுய்யா. இப்பவே போடு."

அவன் பாத்தான். மூஞ்சில ரத்தம் இல்ல. "இது எப்பிடி... இதை அன்னிக்கே கிழிச்சு என் கையால கொளுத்திட்டேனே!"

சொல்லி முடிச்ச அப்புறம்தான் இன்னா சொன்னோம்னு அவனுக்கே ஒறைச்சுது. "புஷ்பம், உன் புள்ளைங்க படிப்பை நான் பாத்துக்கறேம்மா..."ன்னு எழுந்தான். "நீ ஒண்ணும் புடுங்க வேணாம்"னு கதவை இழுத்து வெளிய தாழ்ப்பா போட்டுச்சு அக்கா.

உக்காந்து அடிச்சுச்சு. அவன் சொன்னதை ஒரு வார்த்தை வுடாம, தேதி, மணியோட, நாலு ஊருக்கும். அடிச்சுட்டு 'நீ யாரு' கட்டையை அமுக்குச்சு. பம்பாய் பேரு வந்துச்சு. மதுரை வந்துச்சு. கோயமுத்தூர், பெங்களூரு. இனிமே எவனும் சேதி வரலைன்னு சொல்ல முடியாது. உள்ள அந்த ஆளு கதவை உடைக்கறான்... உடைக்கட்டும்.

அப்பதான் அக்காவுக்கு அழுகை வந்துச்சு. அந்தப் பழைய சேதியை அடிச்சது அவருதானா? பேரைப் பாத்துடணும். திரும்பக் கட்டையை அமுக்குச்சு.

மிசின் சும்மா இருந்துச்சு... கொஞ்ச நேரம். அப்புறம் மெதுவா அடிக்க ஆரம்பிச்சுது. டொக்... டொக்... எழுத்தே பழகாத கை மாதிரி, ஒவ்வொரு எழுத்தா.

வெள்ளைத்துரை பேரு வரல. கொழந்தைங்க பேரு வந்துச்சு. கூடவே அம்மா பேரு, தெரு. ஒவ்வொரு வரியா பன்னெண்டு கொழந்தைங்க.

கேஸைத் திரும்பத் தெறந்தாங்க. வெள்ளைத்துரை மேல தப்பே இல்லன்னு கோர்ட்டே சொல்லிச்சு. சிதம்பரநாதன் உள்ள போனான். ஆனா போலீஸ் ஃபைல்ல செத்த கொழந்தைங்க பதினொண்ணுதான். கடைசி வரில இருந்த வேலு யாருன்னு எவனுக்கும் தெரியல. காயிதத்துல அந்தப் பேருக்குப் பக்கத்துல இருந்த விலாசத்தை வெச்சு இன்ஸ்பெக்டர் கடலோரம் நடுக்குப்பம் போனாரு. குடிசை வாசல்ல தேவானைன்னு ஒரு பொம்பள மீன் காயப் போட்டுக்கினு இருந்துச்சு.

"வேலுன்றது உன் புள்ளையாம்மா?"

அது அப்பிடியே மண்ணுல உக்காந்துடுச்சாம்.

"ஒம்போது நாள் புள்ள சார். ஆஸ்பத்திரிலயே போயிட்டான். பேரே வெக்கல. வேலுன்னு வெக்கலாம்னு மனசுலதான் நெனச்சுகினு இருந்தேன்... வூட்டுக்காரர்கிட்டகூட வாய் தொறந்து சொல்லல சார்."