மெதுவாகப் பேசும் வாத்தியார்

எழுபதுகளில் ஒரு மாலை. திருவள்ளூர் பாசஞ்சரில் எனக்கு எதிரே இருவர், வேலை முடிந்த களைப்போடு உட்கார்ந்திருந்தார்கள். பேச்சிலிருந்து ஒருவர் தொழிற்சாலையின் லேபர் ஆபீசர், மற்றவர் அங்கே இரும்பு அடிக்கும் ஹேமர் ஷாப்பின் மேஸ்திரி என்று தெரிந்தது.

"அமைதியா இருங்கன்றத மட்டும் வாத்தியார கொஞ்சம் கத்தி சொல்லச் சொல்லுங்க சார்," என்றார் மேஸ்திரி.

"கத்தினா அப்புறம் அது என்ன மன அமைதி வகுப்பு? அவர் மெதுவாத்தான் பேசுவார். எல்லாரும் கண்ணை மூடிக்கிட்டு மூச்சு சத்தத்தைக் கேக்கணும். உங்க ஷாப்புல எப்பவும் சண்டைன்னு மேனேஜர்தான் இதை நடத்தச் சொல்றார்."

"சண்ட இல்ல சார். எங்க ஆளுங்களுக்கு காது கேக்காது, அதான் கத்திக்கினு கீறோம். வாயப் பாத்துதான் பாதி புரிஞ்சிக்கிறது. கண்ணையும் மூடிக்கினா அவரு இன்னா சொல்றாருன்னு எப்டி தெரியும்?"

ஆபீசர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி கைக்குட்டையால் துடைத்தார்.

"சரி, அந்த ஒரு மணி நேரம் ஹேமரை நிறுத்தச் சொல்லிக் கேட்டுப் பாக்கறேன்."

"நாயித்துக்கெழம நிறுத்தித்தான் வெக்கிறாங்க. ஊட்ல படுத்துக்கினு இருந்தாலும் எனக்கு அடிச்சிக்கினேதான் கீது." மேஸ்திரி தன் காதைத் தொட்டுக் காட்டினார்.

வண்டி திருநின்றவூரைத் தாண்டியது. ஆபீசர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஏதோ சொன்னார்.

"இந்தப் பக்கம் திரும்பி சொல்லுங்க சார்," என்றார் மேஸ்திரி.