வாசம் வராத பவுடர்

கொல்லிமலை ஊற்றுத் தண்ணீரில் போடுகிற டீக்குத் தனி ருசி உண்டு. ஸ்டேஷனில் நீங்கள் வாங்கிக் கொடுத்த டீயைக் குறை சொல்லவில்லை. ஆனால் குண்டூர் நாட்டு மலைக்கிராமத்தில் ராசு வீட்டு டீயைக் குடித்துப் பழகியவளுக்குச் செம்மேட்டுக் கடை டீ கொஞ்சம் சப்பென்றுதான் இருக்கிறது.

நடந்ததை என் கைப்பட எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுகிறேன். என் பெயர் சுமித்ரா. அடிவாரத்து ஊர் ஒன்றில், காலேஜில் விலங்கியல் சொல்லிக் கொடுக்கிறேன். குளம், குட்டை, கேணி என்று எங்கே தண்ணீர் கிடந்தாலும் வலையை விட்டு, எள்ளைவிடச் சிறிய உயிர்களைப் பிடித்துப் பார்ப்பது என் ஆராய்ச்சி. இறாலுக்கும் நண்டுக்கும் தூரத்துச் சொந்தம் அவை. எது எந்தத் தண்ணீரில் இருக்கிறது, எதில் இல்லை என்று கண்டு எழுத வேண்டும். இதனால் என்ன பிரயோஜனம் என்று எல்லோரும் கேட்பார்கள். என் வீட்டுக்காரரும் கேட்டார். பிறகு கேட்பதையும் விட்டுவிட்டார்.

நாடு முழுக்க அலைந்தும் எனக்கென்று ஒரு புது உயிர் அகப்படவில்லை. கூடப் படித்தவர்கள் ஆளுக்கொன்று கண்டுபிடித்துப் பெயரும் வைத்துவிட்டார்கள். என் வலையில் மட்டும் ஊருக்கெல்லாம் தெரிந்ததே விழுந்தது. வயிற்றெரிச்சல் இல்லை என்று சொன்னால் பொய்.

கடைசியில் ராசுவின் ஊர்க் கேணியில் அது கிடைத்தது. குடிப்பதற்கு அந்த ஊருக்கு இருப்பது அந்த ஒரு கேணிதான். அந்த உயிருக்குக் கண் கிடையாது, நிறமும் கிடையாது. பாறைக்குள் இருட்டில் ஓடுகிற தண்ணீரோடு ஊற்றுக்கண் வழியாக மேலே வருகிறது. சுற்று வட்டாரக் கேணிகளில் எல்லாம் தேடிவிட்டேன். வேறெங்கும் இல்லை. அன்றைக்குக் கேணி மேட்டில் உட்கார்ந்து தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். ராசுவின் மகள் கோபிகா வந்தாள். ஒன்றாம் வகுப்பு படிக்கிறவள். குப்பியை வாங்கி, என் பூதக்கண்ணாடியை வைத்து வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தாள்.

"மேடம், இதுக்குக் கண்ணே காணோமுங்க. பாவம், எப்படிங்க ஊட்டுக்குப் போவும்?"

நான் அந்தக் கேள்வியை மிகவும் ரசித்தேன்.

மழை பிடித்ததும் பக்கத்து ஊரில் வயிற்றுப்போக்கு வந்தது. குடிதண்ணீர்க் கேணி எல்லாவற்றிலும் பிளீச்சிங் பவுடர் கலக்கச் சொல்லி உத்தரவு போட்டார்கள். இந்தக் கேணிக்கு அந்த வேலை ராசுவிடம் வந்தது. அவர் முதல் தடவை கலக்கிய மறுநாள் வலை விட்டேன். வந்ததில் பாதிக்கு மேல் செத்துக் கிடந்தன.

எடுத்த எடுப்பில் நான் தப்பு வழிக்குப் போகவில்லை. மனு எழுதிக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினேன். யுவராஜ் என்ற அதிகாரி ஒருவர்தான் உட்கார வைத்துப் படித்தார். படித்துவிட்டு, "பூச்சி பொழைக்கறதுக்காக சனங்களச் சாவச் சொல்றீங்களா மேடம்?" என்றார். பண்பில்லாத கேள்வி என்று எழுந்து வந்துவிட்டேன். உலகத்தில் வேறெங்கும் இல்லாத உயிர் கண்ணெதிரே அழிகிறது, சொன்னால் யாருக்கும் காது இல்லை. என் நிலையில் இருந்தால் நீங்கள்தான் என்ன செய்திருப்பீர்கள்?

செம்மேட்டுச் சந்தையில் வெள்ளைக் கோலமாவு வாங்கினேன். ராசு பவுடருக்காக பஸ் ஏறி அலைவதைப் பார்த்து, காரில்தானே வருகிறேன், நானே எடுத்து வந்துவிடுகிறேன் என்று முன்பே சொல்லி வைத்திருந்தேன். அவருக்கு அது பெரிய உபகாரமாகப் பட்டது. வழியில் காரை ஓரம் கட்டிப் பையை மாற்றிக் கட்டுவேன். அசல் பவுடரைக் காலேஜ் கக்கூஸ் கழுவக் கொடுத்துவிட்டேன். வீணாகவில்லை.

"ஏனுங்க மேடம், வாசமே வரலீங்களே?" என்று ராசு ஒரு தடவை கேட்டார்.

"இது புது மருந்து. வாசம் வராது" என்றேன். அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. படித்தவள் சொன்னால் சரியாக இருக்கும் என்று நினைக்கிற மனுஷர். வாளியில் கரைத்து, உத்தரவில் சொன்ன நாளில், சொன்னபடியே ஊற்றினார். நெடி போனதில் ஊருக்கே சந்தோஷம். ராசுவின் மனைவி பானுமதி ஒரு சீப்பு மலைவாழைப்பழத்தைக் கொண்டுவந்து காரில் வைத்தாள். "இப்பத்தானுங்க தண்ணி தண்ணியாட்ட இருக்குது. உங்க புண்ணியமுங்க" என்றாள். எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது.

அந்தத் தண்ணீரை நீ குடித்தாயா என்று கேட்டீர்கள். டீயாகக் குடித்தேன். பச்சைத் தண்ணீர் எனக்கு ஒத்துக்கொள்ளாது, வீட்டிலிருந்தே பாட்டிலில் கொண்டுபோவேன். அவர்களிடம் காய்ச்சிக் குடிக்கச் சொன்னாயா என்றும் கேட்டீர்கள். சொல்லவில்லை. மருந்து போட்ட தண்ணீரை எதற்குக் காய்ச்ச வேண்டும் என்று திருப்பிக் கேட்பார்கள். அது சங்கடம்.

பிறகு அந்தப் பெருமழை. மேட்டுப் பக்கத்துக் கழிவெல்லாம் அடித்துக்கொண்டு வந்து கேணியில் இறங்கியது. முதலில் அர்த்தனாரி என்ற பெரியவர் போனார். வயதானவர் என்று ஊர் மனதைத் தேற்றிக்கொண்டது. அடுத்து வீட்டுக்கு ஒருவர் படுத்தார்கள். கோபிகாவுக்கு முடியாமல் போனபோது ஊரில் இருந்த ஒரே கார் என்னுடையது. பானுமதி பின் சீட்டில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டாள். நான் கவனமாகத்தான் ஓட்டினேன். குழந்தை தண்ணி, தண்ணி என்றது. என் பாட்டிலைக் கொடுத்தேன். நல்ல தண்ணீர். அதை விழுங்க அவளுக்குத் தெம்பில்லை. மலைப்பாதையின் எழுபது வளைவில் பாதிகூட இறங்கியிருக்க மாட்டோம், பானுமதி காரைத் திருப்பச் சொன்னாள்.

கேணித் தண்ணீரைச் சோதித்தார்கள். மருந்தின் சுவடே இல்லை என்றதும் எல்லோரும் ராசுவைப் பார்த்தார்கள். அவர் தலையில் அடித்துக்கொண்டு சொன்னதையே சொன்னார். "நான் ஊத்துனனுங்க சாமி. என் கையாலதானுங்க ஊத்துனேன்." யாரும் நம்பவில்லை. பெற்ற பிள்ளைக்கே எமனாகிவிட்டான் என்று காதுபடப் பேசினார்கள். பானுமதி அவர் முகத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டாள். அவர் என் பக்கம் திரும்பி, "மேடம், நீங்க பாத்தீங்கல்ல? ஒரு வார்த்த சொல்லுங்க" என்றார்.

ஆராய்ச்சி செய்கிறவர்கள் எதையும் அவசரப்பட்டுச் சொல்வதில்லை. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நீங்கள் அவரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனீர்கள்.

மறுநாள் வெளியூரிலிருந்து ஆட்கள் வந்து மூட்டை மூட்டையாகப் பவுடரைக் கொட்டினார்கள். அவர்கள் போனதும் வலை விட்டுப் பார்த்தேன். ஒன்றுகூட அசையவில்லை. அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். என் அம்மா இறந்தபோதுகூட அப்படி அழுததில்லை. பானுமதி ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். தன் முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள்.

"அழுவாதீங்க கண்ணு. நீங்க என்ன பண்ணுவீங்க? உங்களால ஆனதப் பண்ணுனீங்க."

பிள்ளைக்காக அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டாள். நான் திருத்தவில்லை. அவள் இருந்த நிலையில் அது நியாயமாகப் படவில்லை.

நேற்று காலை ஊற்றுக்கண்ணுக்குப் பக்கத்தில் வலையை விட்டேன். ஒன்றே ஒன்று வந்தது. உயிரோடு வந்தது. அப்படியென்றால் பாறைக்குள் இன்னும் இருக்கின்றன. அதனால்தான் உங்களைத் தேடி வந்தேன். ராசுவை விட்டுவிடுங்கள், அவர் ஊற்றினார். ஊற்றியது கோலமாவு. அதை மருந்தென்று சொல்லிக் கொடுத்தவள் நான். அந்தத் தண்ணீரைக் குடித்தால் உயிர் போகலாம் என்று அந்த ஊரிலேயே தெரிந்திருந்தது எனக்கு ஒருத்திக்குத்தான். எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடுகிறேன். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. தப்பு என்னுடையது, கேணியுடையது இல்லை என்று தெரிந்துவிட்டதால் தண்ணீர்மேல் இனி யாருக்கும் சந்தேகம் இருக்காது. தயவுசெய்து அந்தக் கேணியில் மட்டும் இனிப் பவுடர் போட வேண்டாம்.

இன்னொன்று. புது உயிருக்குப் பெயர் வைக்கிற உரிமை கண்டுபிடித்தவருக்கு உண்டு. நான் கோபிகாவின் பெயரை வைத்திருக்கிறேன். உலகம் உள்ளவரை புத்தகங்களில் அந்தப் பெயர் இருக்கும். அந்தக் குழந்தைக்கு இவ்வளவு பெரிய காரியத்தை வேறு யார் செய்திருக்க முடியும்? பானுமதியிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். கேட்டால் சந்தோஷப்படுவாள்.