இளவரசி சொன்னது

இந்த விசாரணை அறையில் வெளிச்சம் நன்றாக இருக்கிறது, ஐயா. கையால் பேசுகிறவர்களுக்கு அதுதான் முக்கியம்.

இளவரசிக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வரவில்லை. விருந்தினர் வந்தால் மாடிக்கு அனுப்பிவிடுவார்கள். குடும்ப ஓவியத்தில் அவள் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு பூஜாடி இருக்கிறது. தாதியாக வந்த நான்தான் அவளோடு சேர்ந்து ஒவ்வொரு சைகையாக உண்டாக்கினேன். அந்த மொழி வேறு யாருக்கும் தெரியாது. கற்றுக்கொடு என்று யாரும் கேட்கவுமில்லை.

அவள் சொல்வதை அரசருக்கு எடுத்துச் சொல்லும்போது, முதலில் சின்னச் சின்ன மாற்றங்கள்தான் செய்தேன். அப்பாவோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பாள். அரசருக்கு அது தர்மசங்கடம். தனியாகச் சாப்பிடத்தான் பிடிக்கிறதாம் என்று சொல்லிவிடுவேன். அவர் முகம் தெளியும். இருவருக்கும் நல்லதைத்தானே செய்தேன்?

அப்புறம், காது கேளாதவர்களின் பள்ளியிலிருந்து ஓர் ஆசிரியை வந்தாள். இளவரசியை அழைத்துப்போய்ப் படிக்க வைப்பதாகச் சொன்னாள்.

அரசர் என் பக்கம் திரும்பினார். "என் பொண்ணு என்ன சொல்றா?"

போக வேண்டும், இன்றைக்கே போக வேண்டும் என்றாள் இளவரசி. அவள் கைகள் நிற்கவே இல்லை.

"பயமா இருக்காம். இங்கேயே இருந்துக்கறாங்களாம்."

அவளுடைய தம்பி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "அவ்வளவு நேரம் கையை ஆட்டினாங்க. நீ ரெண்டே வார்த்தையில முடிச்சிட்டே?"

"சொன்னதையேதான் திருப்பித் திருப்பிச் சொன்னாங்க, சின்னையா."

ஆசிரியை கிளம்பிப் போனதும் இளவரசிக்குப் புரிந்துவிட்டது. என்னை அறைந்தாள். தட்டுகளை வீசினாள். வைத்தியர் ஓடிவந்து என்ன சொல்கிறாள் என்று கேட்டார். தம்பியின் கழுத்தை நெரிக்கப் போகிறாளாம் என்றேன். வேறென்ன செய்ய? என்னைக் காட்டி, இவள் பொய்க்காரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். அதை என் வாயாலேயே எப்படிச் சொல்வது?

அன்றுதான் அவள் கைகளைக் கட்டினார்கள். மெத்தென்ற துணியால்தான் கட்ட வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். சோறு ஊட்டினேன், தலை வாரிவிட்டேன். எதிர்த்து ஒரு சொல் கிடையாது. அவ்வளவு ஒற்றுமையாக நாங்கள் இருந்ததே இல்லை.

அரசர் கண்மூடும்வரை கட்டு அவிழவில்லை. பட்டத்துக்கு வந்ததும் தம்பி செய்த முதல் வேலை அதை அவிழ்த்ததுதான். அதற்குள் அவளுக்கு நரை விழுந்திருந்தது.

இதோ, அவளையே அழைத்து வந்துவிட்டீர்கள். விரல்கள் சரியாக மடங்கவில்லை, பாவம். என்னைக் காட்டிக் காட்டி என்ன சொல்கிறாள் என்றுதானே கேட்கிறீர்கள்?

தாதியம்மா மேல் எந்தத் தப்பும் இல்லை என்கிறாள், ஐயா.