மேல்படியில் உட்கார்ந்துகொண்ட சிவப்பு

— சத்தியமா சொல்றேன், இதுல ஒரு வார்த்தை பொய்யா இருந்தாலும் கண்ணாடி ஊதுற இந்த வாய் கோணிப் போகட்டும். உன் தங்கச்சி புருஷன் செஞ்சு கொடுத்த போர்டு எரியாததுக்கும் எனக்கும் ஒட்டுமில்ல, உறவுமில்ல.

— சாயங்காலம் கடை திறக்கணும். நேத்து மத்தியானம் வரைக்கும் ஜம்முன்னு எரிஞ்சுது. சுத்தி வளைக்காம சொல்லுங்க, என்ன ஆச்சு?

— எலக்ட்ரான் ஸ்ட்ரைக்கு.

— எது?

— உன் தையல்கடை போர்டுக்குள்ள நியான் வாயு இருக்கு தாயே. அதோட அணுவுக்குள்ள எலக்ட்ரானுக்குன்னு படிக்கட்டு மாதிரி இடம். படியில நிக்கலாம், ரெண்டு படிக்கு நடுவுல நிக்க முடியாது. கரண்டு வந்து மேல்படிக்கு ஏத்திவிடும். அங்க தங்கவிட மாட்டாங்க, விழுந்தாகணும். ஏறும்போது வாங்கின சக்தி எங்கயும் தொலையாது. விழும்போது வெளிச்சமா கக்கிட்டுத்தான் மறுவேலை.

— எனக்குப் பாடம் வேண்டாம். கதைக்கு வாங்க.

— இதுதான் கதையே. கொஞ்சம் விழுந்தா சிவப்பு. நிறைய விழுந்தா நீலம். உன் போர்டு சிவப்பு, எதிர்ல நம்ம பட்டறை போர்டுல வேற வாயு, அது நீலம். நேத்து உன் எலக்ட்ரானெல்லாம் மேல ஏறினதும் எட்டிப் பாத்திருக்கு. ‘அவனுங்க அம்புட்டு உயரத்துலேர்ந்து குதிக்கிறானுங்க, நமக்கு மட்டும் முழங்கால் உயரமா’ன்னு வயிறு எரிஞ்சுபோச்சு.

— அதுக்கு வயிறு வேற இருக்கா?

— பொறாமைப்பட வயிறு எதுக்கு? நீலப் படி கொடுத்தாத்தான் இறங்குவோம்னு மேலயே உக்காந்துடுச்சு. விழாம வெளிச்சம் எப்படி வரும்? சகலை கரண்டைக் கூட்டிப் பாத்தான். கூட்டினா ஏறுற கூட்டம்தான் கூடும், படி உயருமா?

— நீங்க ஏணி போட்டு ஏறினதைச் சலூன்காரர் பாத்திருக்கார்.

— சமாதானம் பேச ஏறினேன். குழாய்கிட்ட வாயை வெச்சு, ‘தம்பிகளா, சிவப்புக்குன்னு ஒரு மதிப்பு இருக்கு, இறங்குங்க’ன்னு தன்மையா சொன்னேன். அத்தனையும் ஒரே மூச்சுல குதிச்சுது. அடிச்ச வெளிச்சத்துல, சலூன்ல சவரம் பண்ணிக்கிட்டிருந்தவரோட நிழல் சுவத்துலயே ஒட்டிக்கிச்சு. அவர் வீட்டுக்குப் போயிட்டார், நிழல் இன்னும் நாற்காலிக்குப் பின்னால உக்காந்திருக்கு. குதிச்ச அசதியில உன் போர்டு தூங்குது.

— ஒரு வருஷமா இந்த போர்டை உங்ககிட்டதானே கேட்டேன்? நாளைக்கு நாளைக்குன்னீங்க. தங்கச்சி புருஷன், நான் கேட்ட வாரமே கண்ணாடிக் குழாயை என் பேரா வளைச்சுக் கொடுத்துட்டார்.

— வளைச்ச லட்சணத்தைப் பாத்தியா? முதல் எழுத்தோட சுழி, மிதிபட்ட புழு மாதிரி. நான் வருஷக்கணக்கா வாய் நிறையக் கூப்பிடற பேரு அது. அதை எவனோ வாய் வெச்சு ஊதியிருக்கான், தெருவே நின்னு வாயைப் பொளந்து பாக்குது.

— ஆக, பொறாமை யாருக்கு?

— சொன்னேனே, எலக்ட்ரானுக்கு.

— சரிங்க. காலையில அறையைப் பெருக்கினேன். அந்த போர்டுக்குக் கரண்டு கொடுக்கிற டிரான்ஸ்பார்மர், உங்க துண்டைப் போத்திக்கிட்டு நம்ம கட்டிலுக்கு அடியில கிடக்கு.