ஏழு நாப்பத்தெட்டு

— ஏழு... அப்பறம் நாப்பத்தெட்டுன்னு காட்டுது. ஏஞ்சாமி, நாந்தான் வாச்சுப் பட்டனை நேரங்கழிச்சு அமுத்திப்போட்டனா?

— நீ சரியாத்தாம்மா அமுத்துன. நாந்தான் லேட்டு.

— போன மாசம் இதே ஆறு சுத்த ஏழு நிமிசத்துக்குள்ள முடிச்சயே! உங்கூட ஓடற சாஜித்து நம்ம ஊட்டு வாசல்ல வந்து நின்னு சொன்னான், 'அம்மா, எழிலு ஃபயர் சர்வீசுக்குப் போனாப்லதான்'னு. நானும் வேலை பாக்கற தேங்காக் களத்துல எல்லார்த்துகிட்டயும் சொல்லிப்போட்டேன்.

— உன்னைய ஆரு சொல்லச் சொன்னது?

— எம்பையனப் பத்தி நான் சொல்லாம ஆரு சொல்லுவா? இந்தா, முட்டை தின்னு. மூணு இருக்குது. வெள்ளைய மட்டும் தின்னுபோட்டு மஞ்சளை எங்கிட்ட நீட்டாத, நான் ஊட்லயே தின்னுட்டுத்தான் வந்தேன்.

— பொய்யி.

— பொய்யினா பொய்யி. தின்னு. ராத்திரி பூராவும் பஞ்சு மில்லுல நின்னுபோட்டு நேரா இங்க வந்து ஓடுனா காலு எப்படி வெசையா வரும்? ஒரு வாரம் லீவு சொல்லு. நல்லாத் தூங்கு. பொறகு ஓடிப் பாரு.

— தூங்குனாலும் இவ்வளவுதாம்மா. பஞ்சு நெஞ்சுல போய் ஒக்காந்துருச்சு. நாலாவது சுத்துலயே மூச்சு நின்னு போகுது.

— அதுக்குத்தான சாமி, அந்த மில்ல உட்டு வெளிய வாடாங்கறேன்! உங்கப்பன் படுக்கைல விழுந்தப்பக் காலேஜ உட்டுப்போட்டு உள்ள போனவன். பத்து வருசமாச்சு. பகல்ல நீ படுத்து இருமறதக் கேட்டா எனக்குச் சோறு எறங்க மாட்டீங்குது.

— உடும்மா.

— என்னத்த உடறது? இன்னிக்கா பரீட்சை? எழுத்துப் பரீட்சை முடிஞ்சு அப்பறந்தான ஓடச் சொல்லுவாங்க. இன்னும் மாசக்கணக்குல கெடக்குது. மொதல்ல விண்ணப்பத்தப் போடு. அறிவிப்பு வந்து நாலு நாளாச்சாமா, களத்துல மதிவதனி சொன்னா.

— போடலை.

— என்னது?

— விண்ணப்பம் போடலைங்கறேன். ஓட முடியாதவன் எதுக்குப் போடறது?

— செரி, நீ போட வேண்டாம். பத்தாவது சர்ட்டிபிகேட்ட எடுத்துக் குடு. பஸ் ஸ்டாண்டு முன்னால கம்ப்யூட்டர் சென்டர் இருக்குதல்ல, நானே போய்ப் போட்டுட்டு வாரேன்.

— அங்கெல்லாம் நீ போகக் கூடாது!

— எதுக்குடா இப்படிக் கத்தற?

— நானும் போடமாட்டேன், நீயும் போகக் கூடாது. இந்த வேலைமேல எனக்கு எப்பவும் ஆசையே இல்லை. நீ ஆசப்பட்ட, நீ முட்டை அவிச்ச, நான் ஓடுனேன். போதும்.

— எழிலு...

— போம்மா. உனக்குக் களத்துக்கு நேரமாச்சு.

— சாஜித்து, பக்கத்துல நின்னு கேட்டுட்டுத்தான இருக்கற, நீயாச்சும் இவனுக்குச் சொல்லு கண்ணு.

— நான் பேசறேனுங்கம்மா. நீங்க கெளம்புங்க, அங்க பஸ்ஸு திரும்புது பாருங்க.

— டப்பாவ மறக்காம எடுத்துட்டு வரச் சொல்லு. நான் ஒண்ணும் மனசுல வெச்சுக்கலைன்னும் சொல்லு.

— அவன் இங்கதானுங்கம்மா நிக்கறான்.

— நீ சொல்லு. வாரேன்.

— எங்கம்மா ஏறிட்டாளாடா சாஜித்து?

— ஏறிட்டாங்க. கண்ணத் தொடச்சுட்டே ஏறுனாங்க. இப்பச் சொல்லு மாப்ள, என்ன நாடகம் இது? போன ஞாயித்துக்கெழமை என்ற வாச்சுல ஆறு நாப்பது. இன்னிக்கு என்னடான்னா மூணாவது சுத்துலருந்து வேணும்னே காலை மெல்ல மெல்ல வெக்கற. உனக்கு மூச்சுக்கூட வாங்கலை. உங்கம்மாவுக்குத் தெரியாது. கூட ஓடற எனக்குமாடா தெரியாது?

— தெரிஞ்சா வாயை மூடிட்டு இரு.

— மூட முடியாது. ஏழு இருவதுல நான் மூக்கால அழுதுட்டுக் கெடந்தப்ப, முன்னால ஓடி ஓடி என்னைய ஏழுக்குள்ள இழுத்துட்டு வந்தவன் நீ. உன்னைய உட்டுப்போட்டு நான் மட்டும் விண்ணப்பம் போடுவனா?

— போடலைன்னா உன்ற பல்லைத் தட்டிப்போடுவேன்.

— அப்பக் காரணத்தச் சொல்லு.

— வயசு.

— என்ன வயசு?

— ஜூலை ஒண்ணாந்தேதிய வெச்சு வயசு பாக்கறாங்க. எங்களுக்குண்டான வயசுச் சலுகையெல்லாம் சேத்தியும் இருவத்தாறு நாள் தாண்டிருச்சு.

— இருவத்தாறு நாளா? அட நாசமாப் போக.

— நேத்துப் பகல்ல தூங்காம அந்தக் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனேன். பொறந்த தேதியப் போட்டதும் செவப்பா என்னமோ வருது. அங்க வேலை பாக்கற புள்ள மூணு வாட்டி போட்டுப் பாத்துச்சு. 'நகருங்கண்ணா, பின்னால ஆளு நிக்கறாங்க'ன்னுச்சு.

— செரி, அதை அம்மாகிட்டச் சொல்லிப்போட வேண்டியதுதான? வயசு தாண்டுனா ஆரு என்ன பண்ண முடியும்? ஓட முடியலைன்னு பொய்யி, ஆசையே இல்லைன்னு பொய்யி. வேலைக்குப் போற பொம்பளைய அழ வெச்சு அனுப்பற. உனக்கெல்லாம் மனசுன்னு ஒண்ணு இருக்குதாடா?

— வயசுன்னு சொன்னா அவளுக்கு அடுத்த நிமிசமே புரிஞ்சு போகும்.

— என்ன புரியும்?

— நான் பொறந்தது அந்தத் தேதியே இல்லைடா. அதுக்கு அடுத்த பங்குனி.

— இரு, இரு. அப்பப் பாத்தா உனக்கு இன்னும் வயசு இருக்குது!

— ஒம்பது மாசம் இருக்குது. சர்ட்டிபிகேட்டுல இல்லை.

— மாத்த முடியாதா?

— பத்தாவது முடிச்சு இத்தன வருசங் கழிச்சு ஒண்ணும் பண்ண முடியாதுன்னுட்டாங்க.

— எந்த வாத்தியான்டா அப்படித் தப்பா எழுதுனது?

— அவரு என்ன பண்ணுவாரு? களத்துக்குக் கொழந்தையத் தூக்கிட்டு வரக் கூடாதுன்னு எங்கம்மாகிட்டச் சொல்லிப்போட்டாங்க. பள்ளிக்கூடத்துலன்னா மத்தியானம் சோறு போடுவாங்க. நாலு வயசுக்காரன அஞ்சுன்னு சொல்லிக் கூட்டிட்டுப் போனா. வாத்தியாரு என் கையத் தலைக்கு மேல போட்டு அந்தப் பக்கத்துக் காதைத் தொடச் சொன்னாரு. தொட்டாத்தான் அஞ்சு வயசு. எனக்கு எட்டலை. எங்கம்மா பின்னால வந்து நின்னு, முடி கோதி உடறாப்பல, என் தலையச் சாச்சுப் புடிச்சா. காது எட்டிருச்சு.